லட்டு பாவம், விட்டுவிடுங்கள்

கேள்வி: வெள்ளைச் சீனியைத் தொட்டு ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது. தேநீருக்கு நாட்டுச்சர்க்கரைதான், இரண்டு கரண்டி, நாளுக்கு மூன்று வேளை. காலையில் வெந்நீரில் ஒரு பெரிய கரண்டி தேன். வெளியே போனால் 'ஜீரோ' பானம். இவ்வளவு கட்டுப்பாடாக இருந்தும், தீபாவளியன்று அக்கா வீட்டில் இரண்டு லட்டு சாப்பிட்டேன் என்று என் மகள் ஒரு வாரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள். வயது 58, இனிப்புநீர் (நீரிழிவு) கிடையாது. ஆசைக்கு இனிப்பு சாப்பிடுவது அவ்வளவு பெரிய குற்றமா? (வாசகர், ஈசூன்)

பதில்: குற்றமே இல்லை ஐயா. ஆனால் சீனிக்குச் சட்டையை மாற்றிவிட்டுச் சீனியையே விட்டதாகச் சொல்கிறீர்களே, அதுதான் இடிக்கிறது.

உங்கள் கணக்கை நீங்கள் எழுதியபடியே போட்டுப் பார்த்தேன். தேக்கரண்டிக்கு 4 கிராம் என்று கஞ்சத்தனமாக வைத்தாலும் ஆறு கரண்டி நாட்டுச்சர்க்கரை 24 கிராம். பெரிய கரண்டித் தேனில் ஏறக்குறைய 17 கிராம் சர்க்கரை. ஆக 41 கிராம் ஆயிற்று, இன்னும் நீங்கள் பசியாறக்கூட இல்லை, ரொட்டியில் தடவும் காயா ஜாமையோ பிரட்டலுக்கு மேல் ஊற்றும் தக்காளி சாஸையோ நான் இதில் சேர்க்கவும் இல்லை. உலகச் சுகாதார நிறுவனம் 2015இல் சொன்ன வரம்பு, உணவிலிருந்து கிடைக்கும் மொத்தச் சக்தியில் 10 விழுக்காட்டுக்குள் இந்தச் சர்க்கரை நிற்க வேண்டும் என்பது. நாளுக்கு 2,000 கலோரி சாப்பிடுகிறவருக்கு அது 50 கிராம். முடிந்தால் அதையும் பாதியாக்குங்கள் என்றார்கள், அதாவது 25. இதில் நம் ஆட்கள் வசதியாக மறந்துவிடும் ஒன்று உண்டு: தேனும், பாகும், பிழிந்த பழச்சாறும் அந்த 50க்குள்தான் வரும். முழுப் பழத்தில் இருப்பதும் பாலில் இயல்பாக இருப்பதும்தான் வராது.

நாட்டுச்சர்க்கரையில் இரும்பு இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது, கொஞ்சம். அந்தக் கொஞ்சத்தை நம்பி உடம்புக்கு வேண்டிய இரும்பை எடுப்பதென்றால் சர்க்கரை வரம்பைத் தாண்டித் தின்ன வேண்டும். வாசனை பிடித்திருக்கிறது என்று போடுங்கள், நானும் பொங்கலுக்கு வெல்லம்தான் போடுவேன், வெள்ளைச் சீனி போட்டால் அது பொங்கலா? ருசிக்காகப் போடுவதை மருந்து என்று சொல்லிக்கொண்டு போடும்போதுதான் கை தாராளமாகிவிடுகிறது.

இப்போது லட்டு. அதை நான் நிரபராதி என்று சொல்லவில்லை, பூந்தி லட்டில் மாவுக்குக் குறையாமல் சீனி போகும் என்பது செய்கிறவர்களுக்குத் தெரியும். ஆனால் அது வருடத்தில் ஒரு நாள். உங்கள் தேநீரில் மட்டும் வருடத்துக்குப் போவது ஏறக்குறைய 9 கிலோ. அந்த 9 கிலோவுக்கு வீட்டில் யாரும் முகத்தைத் தூக்கவில்லை, அக்கா உட்கார்ந்து உருட்டிய இரண்டு லட்டுக்கு ஒரு வாரக் கோபம். (மகள் கோபித்துக்கொண்டபோது அவர் கையில் பபிள் டீ இருந்ததா என்று கேட்க எனக்கு ஆசைதான். வேண்டாம், குடும்பத்தில் சண்டை மூட்டிவிட்டான் என்ற பெயர் எனக்கெதற்கு.)

ஜீரோ பானத்துக்கு வருவோம். 2023 ஜூலையில், இப்படிப்பட்ட சீனியில்லாப் பானங்களில் போடும் செயற்கை இனிப்பான அஸ்பார்டேம் புற்றுநோய் தரும் என்று வாட்ஸ்அப்பில் ஊரே அலறியது ஞாபகம் இருக்கும். உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 'தரக்கூடும்' என்ற ஐயத்துக்குரிய பட்டியலில் அதைச் சேர்த்தது, உண்மை. அதே நாளில் இன்னொரு நிபுணர் குழு, நாளுக்கு உடல் எடையில் கிலோவுக்கு 40 மில்லிகிராம் வரை போகலாம் என்ற பழைய அளவை மாற்றத் தேவையில்லை என்றும் சொன்னது. 70 கிலோ ஆள் அதைத் தாண்ட நாளுக்கு 9 முதல் 14 டின் குடிக்க வேண்டும். நீங்கள் அப்படிக் குடிக்கிறவரில்லை என்று நம்புகிறேன். என் குறை வேறு. அதே ஆண்டு மே மாதம், உடல் எடையைக் குறைக்க இந்தச் செயற்கை இனிப்புகளை நம்பாதீர்கள் என்று உலகச் சுகாதார நிறுவனம் ஆலோசனை சொன்னது (ஏற்கெனவே இனிப்புநீர் உள்ளவர்களுக்கு அந்த ஆலோசனை பொருந்தாது, அவர்கள் மருத்துவரைக் கேட்கட்டும்). நம் சிங்கப்பூரில் பானங்களுக்கு 'ஏ' முதல் 'டி' வரை தரம் போடும் நியூட்ரி-கிரேடிலும் பாருங்கள், சீனியே இல்லாவிட்டாலும் இனிப்பூட்டி கலந்த பானத்துக்கு 'ஏ' கிடைக்காது, 'பி'தான். சீனி போனாலும் நாக்கு கேட்கும் இனிப்பின் அளவு இறங்கவில்லையே. அப்புறம் அந்த நாக்கோடுதான் காப்பிக்கடையில் போய் உட்காருகிறோம்.

காப்பிக்கடையில் வெறுமனே 'தே' (தேநீர்) என்றால் அடியில் கெட்டிப்பால் இறங்கும். அந்தப் பாலில் பாதிக்கு மேல் சர்க்கரை. 'தே ஓ' என்றால் பால் போகும், சீனி இருக்கும். 'தே சி'யில் வருவது சீனி சேர்க்காத ஆவிப்பால், ஆனால் சீனி தனியாக விழும். 'சியூ தாய்' என்றால் சீனி குறைவு, 'கோசோங்' என்றால் சுத்தமாக இல்லை. இந்திய முஸ்லிம் கடையில் 'சீனி கம்மி' என்றால் போதும், ஆனால் அந்தக் கம்மி எவ்வளவு என்பது போடுகிற அண்ணனின் அன்றைய மனநிலையைப் பொறுத்தது. நான் ஒரே நாளில் கோசோங்குக்குத் தாவிப் பார்த்தேன், கஷாயம் குடிப்பதுபோல் இருந்தது, மூன்றாம் நாள் திரும்பிவிட்டேன். பிறகு இரண்டு கரண்டியை ஒன்றரையாக்கி, சில வாரம் விட்டு ஒன்றாக்கி, அரையாக்கி வந்தேன். இப்போது யாராவது சாதாரண 'தே' வாங்கிக் கொடுத்தால் பாயசம்போல் இருக்கிறது.

இது எனக்கு மட்டும் நடந்த அதிசயமும் இல்லை. சிங்கப்பூரில் விற்கும் புட்டி, டின் பானங்களின் சர்க்கரை அளவு 2017இல் நடுமட்டமாக 7.1 விழுக்காடாக இருந்தது, 2023இல் 4.6. 2022 டிசம்பர் 30 முதல் 'சி', 'டி' பானங்கள் நெற்றியில் அந்த எழுத்தை ஒட்டிக்கொண்டுதான் கடைக்கு வர வேண்டும், 'டி'க்கு விளம்பரமும் கூடாது. அந்தச் சட்டம் வருவதற்கு முன்னாலிருந்தே கம்பெனிகள் சத்தமில்லாமல் குறைக்க ஆரம்பித்துவிட்டன. நம் நாக்கை யாரும் அனுமதி கேட்கவில்லை, நாக்கும் பெரிதாகப் புகார் செய்யவில்லை.

ஆகவே உங்களுக்கு நான் சொல்வது: தேநீரில் ஆறு கரண்டியை இரண்டு மாதத்தில் மூன்றாக்குங்கள், அது நாட்டுச்சர்க்கரையா வெள்ளையா என்பது உங்கள் இஷ்டம். தேன் வெந்நீரை நிறுத்துங்கள், ருசிக்காகக் குடிப்பதாக நீங்களே எழுதவில்லை. பல்லுக்கும் இது நல்லது, ஏனென்றால் பல்லுக்கு எவ்வளவு என்பதோடு எத்தனை தடவை என்பதும் பெரிய கேள்வி. மிச்சமாகும் இடத்தில் பிடித்த இனிப்பை, பிடித்தவர்களோடு உட்கார்ந்து, தட்டில் வைத்துச் சாப்பிடுங்கள், அலமாரிக்குப் பின்னால் நின்றுகொண்டு அல்ல.

இந்தப் பதிலை மகளிடம் காட்டுவதானால் லட்டுப் பத்தியை மட்டும் வெட்டிக் காட்டாதீர்கள். தேன் கணக்கும் சேர்ந்தே போகட்டும்.