வாசகர் கேள்விகள்: இடம் கிடைத்தால் மட்டும் போதுமா?

கேள்வி: எங்கள் பல்கலைக்கழகத்தில் சமத்துவக் குழு ஒன்றை அமைத்து, விரிவுரையாளரான என்னையும் அதில் சேர்த்திருக்கிறார்கள். ஒரு கருத்தரங்கும் உறுதிமொழி ஏற்பும் நடந்ததோடு சரி. உருப்படியாக ஏதேனும் செய்ய வேண்டுமானால் எங்கிருந்து தொடங்குவது?

பதில்: உறுதிமொழியால் கெடுதல் ஒன்றுமில்லை. ஆனால் மறுநாளும் விண்ணப்பப் படிவம், தேர்வு அட்டவணை, மதிப்பெண் வழங்கும் முறை எல்லாம் பழையபடியே இருந்தால் அதனால் யாருக்கும் பயனில்லை. மாணவரைச் சேர்த்துக்கொண்டே ஒதுக்கியும் வைக்க முடியும் என்பதற்குக் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகமே சான்று. 1881 முதல் பெண்கள் அங்கே முறைப்படி தேர்வு எழுதினார்கள், தேர்ச்சியும் பெற்றார்கள்; ஆயினும் ஆண்களுக்கு இணையான முழுப் பட்டம் அவர்களுக்குக் கிடைத்தது 1948-இல்தான்.

ஆகவே, ஒரு மாணவர் சேர்ந்த நாள் முதல் பட்டம் பெறும் நாள் வரை என்னென்ன படிகளைக் கடக்கிறார் என்பதைக் குழுவினர் நேரில் நடந்து பாருங்கள். நுழைவாயிலில் சாய்தளம் இருக்கும். அதன் கதவு பூட்டியிருக்கும். சாவி வைத்திருக்கும் காவலர் சாப்பிடப் போயிருப்பார். பாடக் குறிப்புகளை இணையத்தில் ஏற்றியிருப்பார்கள். அவை வெறும் படங்களாக ஸ்கேன் செய்யப்பட்டிருப்பதால், பார்வையற்ற மாணவரின் திரைவாசிப்பு மென்பொருளுக்கு அவற்றில் ஓர் எழுத்துகூட அகப்படாது. இவற்றைச் சரிசெய்யப் பெரும் நிதி தேவையில்லை, பொறுப்பேற்க ஓர் ஆள் வேண்டும், அவ்வளவுதான்.

மதிப்பெண் விஷயத்தில் இன்னும் கூர்ந்து கவனியுங்கள். எழுத்துத் தேர்வில் விடைத்தாளின் பெயரை மறைத்துவிடலாம். அகமதிப்பீட்டிலும் வாய்மொழித் தேர்விலும் அது இயலாது, மாணவரின் பேச்சுநடையும் தோற்றமும் பின்னணியும் மதிப்பிடுபவரின் கண்முன் நிற்கும். எதற்கு எத்தனை மதிப்பெண் என்பதை முன்கூட்டியே எழுத்தில் அறிவித்து, இருவர் தனித்தனியே மதிப்பிட்டால் சார்புக்கு இடம் குறையும். முறையீட்டு வழியும் அப்படியே: துறைத்தலைவரைப் பற்றிய புகாரைத் துறைத்தலைவரிடமே கொடுக்கச் சொல்லும் விதியை வைத்துக்கொண்டு, புகாரே வரவில்லை என்று பெருமைப்படுவதில் பொருளில்லை. துறைக்கு வெளியே உள்ள ஒருவர் அதைப் பெறட்டும். குழுவில் மாணவர்களுக்கும் வாக்குரிமை இருக்கட்டும்.

கேள்வி: மாற்றுத்திறனாளி மாணவர்களுக்குத் தேர்வில் கூடுதல் நேரம் தருவது மற்றவர்களுக்கு இழைக்கும் அநீதி ஆகாதா?

பதில்: ஆகாது. வேதியியல் தேர்வு வேதியியல் அறிவைச் சோதிக்கத்தான் நடக்கிறது, எழுதும் வேகத்தைச் சோதிக்க அல்ல. வேகமே பாடத்தின் பகுதியாக இருக்கும் பயிற்சிகளில், உதாரணமாகச் சுருக்கெழுத்தில், இதைத் தனியே விவாதிக்கலாம். பெரும்பாலான தாள்களில் அந்தச் சிக்கல் எழுவதே இல்லை.

எனக்குள்ள மனக்குறை வேறு. கூடுதல் நேரத்திற்கான ஒப்புதலைப் பல இடங்களில் ஒவ்வொரு பருவத் தேர்வுக்கும் புதிதாகக் கேட்டு வாங்கச் செய்கிறார்கள். நிரந்தரக் குறைபாடு உள்ளவர் ஆறு மாதத்திற்கொரு முறை சான்றிதழோடு அலுவலகம் அலுவலகமாக ஏன் அலைய வேண்டும்? சேர்க்கையின்போதே ஒருமுறை முடிவுசெய்து, படிப்பு முடியும் வரை செல்லுபடியாகும் ஆணையாக அதை வழங்கி, தேர்வு அறைக் கண்காணிப்பாளருக்கும் முன்னதாகவே தெரிவித்துவிட வேண்டும்.