வண்டி மருத்துவம்: சென்சாரைத் தேடி

கே: காமன் ரயில் டீசல் பிக்கப்பில் காய்கறி ஏற்றுகிறேன். வண்டி சூடானதும் ஓட்டத்திலேயே நின்றுவிடுகிறது. ஆறவிட்டால் ஸ்டார்ட் ஆகிறது. கிராங் சென்சாரை மாற்றச் சொல்கிறார்கள். அது எங்கே இருக்கும்? அதுதான் கோளாறு என்று எப்படித் தெரிந்துகொள்வது?
- வாசகர், ஒட்டன்சத்திரம்

ப: சந்தேகம் சரியானதே. கிராங் ஷாப்ட் சுற்றுவதை இன்ஜின் கம்ப்யூட்டருக்குச் சொல்வதுதான் கிராங் சென்சார். ஆனால் சோதிக்காமல் புதுசு வாங்காதீர்கள். மாடலுக்கு மாடல் இடம் மாறினாலும், பெரும்பாலும் இரண்டு இடங்களைப் பார்த்தால் போதும்: இன்ஜினும் கியர்பாக்ஸும் சேரும் பெல் ஹவுசிங், இல்லையென்றால் முன்னால் கிராங் புல்லிப் பக்கம். ஒற்றை போல்ட்டில் நிற்கும். மேலே வால்வு கவர் பக்கம் இருப்பது, வால்வைத் திறக்கும் கேம் ஷாப்ட்டைக் கவனிக்கும் கேம் சென்சார். இரண்டும் பார்க்க ஒரே மாதிரி இருப்பதால் அதைப் போய்க் கழற்றுகிறவர்கள் உண்டு.

வண்டி நின்றதும், சூடு ஆறுவதற்குள் ஸ்கேனரை (இன்ஜின் கம்ப்யூட்டரைப் படிக்கும் கருவி) மாட்டிச் செல்ப் அடித்து ஆர்பிஎம் பாருங்கள். செல்ப் நன்றாகச் சுற்றியும் 0-விலேயே நின்றால் கோளாறு சென்சாரில், அல்லது அதன் வயரில். சாவியை ஆப் செய்து கப்ளரை (வயர் இணைப்பு) கழற்றி, சென்சார் பின்களில் மீட்டர் வையுங்கள். இரண்டு வயர் காயில் வகை, ஆறிய நிலையில் பல வண்டிகளில் 800 - 1,000 ஓம் காட்டும். சூட்டில் மீட்டர் எதுவும் காட்டாமல் போனால் உள்ளே காயில் கம்பி விட்டுவிடுகிறது என்று அர்த்தம், மாற்றத்தான் வேண்டும். மூன்று வயர் ஹால் வகைக்கு (காயிலுக்குப் பதில் காந்தத்தை உணரும் சிப் உள்ளது) ஓம் பார்த்துப் பயனில்லை, சப்ளை வோல்ட் வருகிறதா என்று பாருங்கள்.

கழற்றியதும் நுனியைக் கவனியுங்கள். காந்தம் என்பதால் இரும்புத்தூள் மீசைபோல் ஒட்டியிருக்கும். சில நேரம் அதைத் துடைத்தாலே வண்டி சரியாகிவிடும். அடியில் ஷிம் (மெல்லிய தகடு) இருந்தால் தொலைத்துவிடாதீர்கள், இடைவெளி கெட்டுவிடும்.

கே: ரயில் பிரஷர் சென்சார் எது? பம்பிலும் ஒரு கப்ளர் இருக்கிறதே?
- வாசகர், சங்ககிரி

ப: ரயில் என்பது எல்லா இன்ஜெக்டருக்கும் டீசலைப் பிரித்துக் கொடுக்கும் அழுத்தக் குழாய். அதன் முனையில் திருகியிருக்கும் மூன்று வயர்தான் சென்சார். பம்பில் உள்ள இரண்டு வயர், டீசலை அளந்து விடும் மீட்டரிங் வால்வு. சாவி ஆன், இன்ஜின் ஆப் நிலையில் சிக்னல் வயரில் 0.5 வோல்ட் சுமார் வர வேண்டும். பழைய டீசல் வண்டி பழக்கத்தில், ஓடும் இன்ஜினில் பைப் நட்டைத் தளர்த்தி ஏர் எடுக்கவே கூடாது. ஐடிலிங்கிலேயே குழாயில் அழுத்தம் 200 பாருக்கு மேல் இருக்கும். பீய்ச்சும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும்.

கே: பாடியில் வெல்டிங் வேலை இருக்கிறது. இசிஎம்மைக் கழற்ற வேண்டுமா?
- வாசகர், கரூர்

ப: இசிஎம் என்பது இன்ஜின் கம்ப்யூட்டர். அந்தப் பெட்டியைக் கழற்ற வேண்டாம், கப்ளரை எடுத்தால் போதும். டேஷ்போர்டு அடியிலோ, இன்ஜின் அறையில் பேட்டரிப் பக்கமோ இருக்கும். தடிமனான வயரிங் கொத்தைப் பிடித்துக்கொண்டே போங்கள். சாவியை ஆப் செய்து சில நிமிடம் விட்டு, முதலில் பேட்டரி நெகட்டிவ், பிறகு கப்ளர். வெல்டிங் எர்த் கிளாம்ப்பைப் பற்ற வைக்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே போடச் சொல்லுங்கள். தூரத்தில் போட்டால் கரன்ட் பேரிங், எர்த் வயர் வழியாகப் பாயும். திரும்ப மாட்டும்போது நெகட்டிவ் கடைசி.