எப்போது வேலை போகுமோ என்ற பயத்தோடு தினமும் வேலைக்குப் போவதை எப்படிச் சமாளிக்கிறீர்கள்?

கேள்வி கேட்ட தம்பி சென்னையிலோ பெங்களூரிலோ ஐ.டி. கம்பெனியில் இருப்பார் என்று நினைக்கிறேன். திங்கட்கிழமை மீட்டிங் என்று மெயில் வந்தாலே வயிற்றைக் கலக்குகிறது என்று எழுதியிருக்கிறார். எனக்கு மெயில் எல்லாம் வராது. நான் காத்தாடி மெக்கானிக், காற்றாலையைத்தான் இங்கே அப்படிச் சொல்வோம். நாகர்கோவில் ரோட்டில் வள்ளியூர் தாண்டி பணகுடி, காவல்கிணறு பக்கம் போனவர்கள் பார்த்திருப்பீர்கள், வரிசையாகச் சுற்றிக்கொண்டு நிற்கும். அதில் ஏறி இறங்குகிறவன். காத்தாடியில் ஏறுகிறவனுக்கு ஐ.டி.யைப் பற்றி என்ன தெரியும் என்று யாராவது கமெண்டில் வருவீர்கள். தெரியாதுதான். அவர் கேட்டது பயத்தைப் பற்றி. அதில் எனக்கு சர்வீஸ் உண்டு.

எங்கள் பிழைப்பு எப்படி என்று சொன்னால்தான் மற்றது புரியும். இங்கே நிற்கிற பழைய சின்ன மெஷின்கள் பலவும் கோயம்புத்தூர், ராஜபாளையம் பக்கத்து மில்காரர்கள் தங்கள் மில் கரண்டுக்காக 1990களில் வாங்கிப் போட்டவை. 225 கிலோவாட், 250 கிலோவாட். பராமரிப்பை அவர்கள் ஒரு கம்பெனியிடம் விடுவார்கள். கம்பெனி ஆள் எடுப்பதை ஒரு கான்ட்ராக்டரிடம் விடும். அந்தக் கான்ட்ராக்டர்தான் எங்களுக்கு முதலாளி. ஒப்பந்தம் வருசா வருசம் புதுப்பித்தால் உண்டு. வைகாசி, ஆனியில் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாகக் காற்று திறந்துவிட்டால் புரட்டாசி வரை எங்களுக்கு ராஜ மரியாதை. ஒரு மெஷின் ஒரு மணி நேரம் நின்றால் போதும், ஓனர் போனில் கத்துவார். ஐப்பசி பிறந்து காற்று அடங்கினால் கிரீஸ் அடிப்பது, போல்ட் இறுக்கிப் பார்ப்பது, கியர்பாக்ஸ் ஆயில் மாற்றுவது என்று வேலை இறங்கிவிடும். இத்தனை ஆள் எதுக்கு என்ற பேச்சும் அப்போதுதான் கிளம்பும்.

அது பழகிப்போன பயம். 2024-ல் வந்தது வேறு மாதிரி. பழைய காற்றாலைகளைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் பெரிய மெஷின் நிறுத்துவது, இல்லையென்றால் சரிசெய்து ஆயுளை நீட்டிப்பது, இதற்கெல்லாம் தமிழ்நாடு அரசு அந்த வருசம் ஒரு கொள்கை வெளியிட்டது. அது தப்பு என்று நான் சொல்லவில்லை. நல்ல காற்று அடிக்கிற இடத்தை எல்லாம் குட்டி மெஷின்கள் அடைத்துக்கொண்டு நிற்கின்றன. ஆனால் இரண்டரை மெகாவாட் மெஷின் ஒன்று எங்கள் 250 பத்துக்குச் சமம். பத்தில் ஏறின ஆட்கள் அத்தனை பேரும் ஒன்றில் ஏற வேண்டியதில்லை, இந்தக் கணக்கு எனக்கும் தெரியும். போதாததற்கு டீக்கடைக்குப் போனால், "என்னவே, உங்க காத்தாடிய எல்லாம் கழத்தப் போறானாமே?" என்று துக்கம் விசாரிக்கிற குரலில் கேட்பார்கள். நம் ஊரில் இன்னொருவன் வேலை போகப் போகிறது என்று சொல்வதில் சிலருக்கு ஒரு சந்தோஷம் இருக்கத்தான் செய்கிறது.

தூக்கம் போனது. கோபுரத்துக்குள் ஏணியில் பாதி ஏறும்போது நெஞ்சு படபடவென்று அடித்து கை வேர்க்கும். பெல்ட் மாட்டியிருந்தாலும் அந்த உயரத்தில் கை வேர்ப்பது நல்லதில்லை. சூப்பர்வைசர், ஆஸ்பத்திரியில் காட்டிவிட்டு வந்தால்தான் மேலே ஏற்றுவேன் என்று சொல்லிவிட்டார். பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரியில் இ.சி.ஜி. எடுத்தார்கள், ஒன்றுமில்லை. அங்கேயே மனநலப் பிரிவுக்கு அனுப்பினார்கள். என் அண்ணன், "கிறுக்கா பிடிச்சிருக்கு?" என்று கேட்டான். டாக்டர் நிதானமாகப் பேசினார், கொஞ்ச நாளைக்கு மாத்திரை தந்தார், தூக்கம் வந்தது. இதில் வெட்கப்பட எதுவும் இல்லை. நேரில் போகத் தயக்கம் என்றால் 14416 என்ற அரசு எண் இருக்கிறது, இலவசம், தமிழில் பேசலாம்.

ஆஸ்பத்திரி என்றதும் ஞாபகம் வருகிறது, இதைச் சொல்லாமல் விட முடியவில்லை. திருநெல்வேலியில் நாகர்கோவில் பஸ்ஸில் ஏறப் போனால், "வள்ளியூர், நாங்குநேரி ஆள் ஏறாதீங்க, பைபாஸ்ல போறோம்" என்கிறார்கள். சீட் காலியாகக் கிடக்கிறது, டிக்கெட்டுக்குக் காசும் தருகிறோம், ஊருக்குள் வருவதற்கு மட்டும் மனசு வராது. மாத்திரை போட்ட அசதியோடு அடுத்த பஸ்ஸுக்கு நின்றால் நெஞ்சுப் படபடப்பு எப்படிக் குறையும்? சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

என் மாமியார் ஊர் முக்கூடல். காலமெல்லாம் பீடி சுற்றிப் பிள்ளைகளைக் கரைசேர்த்தவர். பீடிக் கம்பெனியை மூடப்போகிறார்கள் என்ற பேச்சைக் கேட்டுக்கொண்டே பீடித் தட்டை மடியில் வைத்துச் சுற்றியவர்களில் அவரும் ஒருவர். என் கதையை எல்லாம் கேட்டுவிட்டு, ஆறுதல் ஒன்றும் சொல்லவில்லை. "மெஷினைக் கழத்துறது இருக்கட்டும் மருமகனே, பி.எஃப். ஒழுங்கா ஏறுதான்னு பாத்தீங்களா?" என்றார்.

அன்றைக்கு ராத்திரியே போனில் பாஸ்புக்கைத் திறந்தேன். நாலு மாதமாக ஒரு பைசா ஏறவில்லை. சம்பளச் சீட்டில் மட்டும் என் பங்கு 12 சதவீதத்தைத் தவறாமல் பிடித்திருந்தார்கள். ஒரு மாதத்துப் பணத்தை அடுத்த மாதம் 15-ம் தேதிக்குள் கட்ட வேண்டும் என்பது விதி. மற்ற பையன்களுக்கும் அதே கதை. ஆள் குறைக்கப் போகிற நேரத்தில் வம்பு வேண்டாம் என்று ரெண்டு பேர் ஒதுங்கிக்கொண்டார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன், வீட்டுக் கடன் வைத்திருந்தார்கள். மீதிப் பேர் பி.எஃப். குறைதீர்ப்புத் தளத்தில் புகார் போட்டு, சம்பளச் சீட்டை வைத்து மேல் கம்பெனிக்கும் ஒரு கடிதம் கொடுத்தோம். கான்ட்ராக்டர் கட்டாவிட்டால் வேலை வாங்குகிற மேல் கம்பெனிதான் பொறுப்பு, அதனால் அவர்களுக்குச் சுருக்கென்றது. கான்ட்ராக்டர் "எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமேப்பா" என்று குறைபட்டுக்கொண்டார். பணம் ஏறியது.

இதில் நான் கவனித்தது இதுதான். புகார், கடிதம் என்று அலைந்த அந்த நாட்களில் டீக்கடைப் பேச்சு எனக்குக் காதில் ஏறவே இல்லை. வேலை போகுமா என்ற கேள்விக்கு யாரிடமும் பதில் கிடையாது. போனால் எனக்கு என்ன வரவேண்டும் என்ற கேள்விக்குப் பதில் இருக்கிறது, தேடினால் கிடைக்கிறது. அப்புறம் ஒருநாள் கம்பெனி இன்ஜினியரிடமே நேராகக் கேட்டேன், எந்த மெஷினை எப்போது கழற்றுவீர்கள் என்று. அடுத்த காற்றுக்கு முன்னால் எங்கள் சைட்டில் கை வைக்க மாட்டோம், அதற்கு மேல் எனக்கே தெரியாது என்றார். அது எனக்குப் போதுமாக இருந்தது.

பயம் போய்விட்டதா என்றால் இல்லை. ஐப்பசி வந்தால் வருகிறது. கிராஜுவிட்டி, அதாவது வேலையை விட்டுப் போகும்போது தருகிற பணிக்கொடை விஷயத்தில் இன்னும் எரிச்சல்தான். ஐந்து வருசம் தொடர்ந்து வேலை பார்த்தால் வருசத்துக்கு 15 நாள் சம்பளம் என்பது 1972 சட்டத்திலிருந்தே வருகிற விதி. எங்களுக்கோ நாலு வருசம் ஆனதும் கான்ட்ராக்டர் பெயர் மாறும், புது ஆர்டர் வரும், சர்வீஸ் பூஜ்யத்திலிருந்து ஆரம்பிக்கும். 2025 நவம்பர் 21 முதல் நடப்புக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகளில், குறிப்பிட்ட காலத்துக்கு நேரடியாக எடுத்த ஆளுக்கு ஒரு வருசத்திலேயே கிராஜுவிட்டி உண்டு. தம்பி, உங்கள் ஆர்டரில் என்ன எழுதியிருக்கிறது என்று எடுத்துப் பாருங்கள். நோட்டீஸ் காலம் எத்தனை நாள் என்பதையும் பாருங்கள். வேலைக்குச் சேர்ந்த அன்று கையெழுத்துப் போட்டதோடு சரி, அப்புறம் யாரும் அதைத் திறப்பதில்லை.

என்னைப் போல மாதம் 21,000-க்குள் சம்பளம் வாங்கி இ.எஸ்.ஐ. என்கிற தொழிலாளர் காப்பீட்டுக்குப் பிடித்தம் போகிறவர்கள் யாராவது இதைப் படித்தால், வேலை போனால் சராசரிக் கூலியில் பாதியை 90 நாள் வரை தருகிற திட்டம் ஒன்று இ.எஸ்.ஐ.யில் உண்டு. நிபந்தனைகள் இருக்கின்றன. காலக்கெடு வைத்து நீட்டித்துக்கொண்டே வருகிறார்கள், அதனால் இப்போது நடப்பில் இருக்கிறதா என்று கிளை அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

பெரிய மெஷினில் ஏற ஜி.டபிள்யூ.ஓ. என்கிற சர்வதேசக் காற்றாலை அமைப்பின் பாதுகாப்புப் பயிற்சிச் சான்றிதழ் கேட்கிறார்கள். கைக்காசைப் போட்டுப் படிக்க வேண்டும், இரண்டு வருசத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கவும் வேண்டும். அதற்குச் சீட்டு போட்டுக்கொண்டிருக்கிறேன். எங்கே படிக்கலாம், சேர்ந்தால் வேலை நிச்சயமா என்று மெசேஜ் அனுப்பாதீர்கள், நானே இன்னும் சேரவில்லை.