சாயங்கால அழுகைக்குச் சொட்டு மருந்து வேண்டாம்

கேள்வி: பிறந்து 5 வாரமான என் மகள் தினமும் மாலை 6 மணிக்கு ஆரம்பித்து 9 வரை வீறிட்டு அழுகிறாள். தாய்ப்பால் மட்டும்தான். பால் பத்தவில்லை, பவுடர் பால் கொடு என்கிறார் மாமியார். மருந்துக் கடையில் வயிற்றுவலிக்குச் சொட்டு மருந்து தந்தார்கள். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். அட்டையில் டைசைக்ளோமின் என்று இருக்கிறதா பாருங்கள். 6 மாதத்துக்குள் அது கூடவே கூடாது. மூச்சு நின்றுபோகும் ஆபத்து உண்டு. அதைச் சீட்டு இல்லாமலே எடுத்து நீட்டுகிறார்கள், கேட்பாரில்லை. சிமெதிகோன் என்றால் கெடுதல் குறைவு, ஆனால் சொல்லும்படி பலனும் இல்லை. கிரைப் வாட்டரும் வேண்டாம், வசம்பு உரசி ஊற்றுவதும் வேண்டாம். தொக்கம் எடுக்கிறேன் என்று தொண்டையில் விரல் விடுபவரை வாசலோடு அனுப்பிவிடுங்கள். இந்த அழுகை 2-வது வாரம் போல ஆரம்பித்து, 6-வது வாரத்தில் உச்சத்துக்குப் போய், 3, 4 மாதத்தில் தானே அடங்கும். அடங்கும் நேரத்தில் கடைசியாகக் கைவைத்தவருக்குப் பேர் கிடைத்துவிடுகிறது, அவ்வளவுதான்.

பால் போதுமா என்பதை அழுகை சொல்லாது, மூத்திரம் சொல்லும். ஒரு நாளைக்கு 6 தடவையாவது போகிறாளா, வாரத்துக்கு 150 கிராமுக்குக் குறையாமல் எடை ஏறுகிறதா? அப்படியானால் பால் போதும். பவுடர் பால் உள்ளே போகப்போக மார்பில் சப்புவது குறையும். சப்பாவிட்டால் சுரப்பும் குறையும். மாமியார் சொன்னது அப்புறம் நிஜமாகிவிடும். பால் பவுடர் விளம்பரத்துக்கு 1992-லேயே சட்டம் போட்டுத் தடை செய்தாகிவிட்டது. சட்டம் ஏட்டில் பத்திரமாக இருக்கிறது.

அழுகை முற்றியபின் பால் கொடுத்தால் காற்றைத்தான் விழுங்குவாள். கையைச் சப்பும்போதே, தலையைத் திருப்பித் தேடும்போதே கொடுங்கள். குடித்ததும் 10 நிமிடம் தோளில் போட்டு முதுகைத் தடவுங்கள். 5 மணிக்கே டிவியை அணைத்து விளக்கைக் குறைத்துவிடுங்கள். வெறும் மார்பில் போட்டுக்கொண்டு, காதருகே 'உஷ்ஷ்' என்று விடாமல் சத்தம் கொடுங்கள். பழைய வேட்டித் துணியில் சுற்றினால் கால் மடங்க இடம் விட்டு, பிடரி வேர்க்கிறதா என்று தொட்டுப் பாருங்கள். உங்களுக்கே கோபம் தலைக்கேறினால் மல்லாக்கப் படுக்க வைத்துவிட்டு 5 நிமிடம் வெளியே நில்லுங்கள். குலுக்கக் கூடாது, மூளையில் ரத்தம் கசியும்.

100.4 டிகிரி காய்ச்சல், பச்சை வாந்தி, பால் குடிக்க மறுப்பது, துவண்டு போவது: இதில் ஒன்று இருந்தாலும் உடனே மருத்துவமனை.

இன்னொன்று, பலர் பார்க்கத் தவறுவது. பிரசவத்துக்குப் பிறகு உங்களுக்கு முடி கொட்டும். அதில் ஒரு இழை கால்விரலில் சுற்றி இறுகினால், விரல் வீங்கி முடி சதைக்குள் புதைந்துவிடும். பார்த்தால் பூச்சி கடித்த சிவப்பு மாதிரித்தான் தெரியும். எதற்கும் அடங்காத அழுகை என்றால் சாக்ஸ், கையுறை எல்லாம் கழற்றி, விரல் விரலாகப் பிரித்து வெளிச்சத்தில் பாருங்கள். ஆண் குழந்தையானால் குறியையும். முடி கண்ணில் பட்டால் பிரித்தெடுங்கள். பள்ளம் மட்டும் தெரிந்து முடி தெரியாவிட்டால் நோண்டாமல் அப்போதே அவசரப் பிரிவுக்குத் தூக்கிப் போங்கள். ரத்த ஓட்டம் நின்றால் விரலே போய்விடும். கையுறையின் உள்பக்க நூலும் இதே வேலையைச் செய்யும். உள்புறம் திருப்பி, பிசிறுகளை வெட்டிவிட்டுப் போடுங்கள்.