மருத்துவர் பதில்: கொரோனாவுக்குப் பிறகு மகன் மாறிவிட்டான்

கேள்வி: மார்த்தாண்டம் பக்கம் இருக்கிறோம். மகனுக்கு 13 வயது, எட்டாம் வகுப்பு. கொரோனாவுக்கு முன்னால் சாதுவான பிள்ளை. இப்போது வகுப்பில் அடிதடி, டீச்சரை எதிர்த்துப் பேச்சு. இரவு 1 மணி வரை செல்போன். முகமெல்லாம் பரு, நகம் கடிக்கிறான், காலையில் எழுவதில்லை. கொரோனா தடுப்பூசியால் மூளை பாதித்திருக்கும் என்று ஒரு வீடியோவில் சொன்னார்கள். ஞாபகசக்தி டானிக்கும், தூங்குவதற்குச் சளி சிரப்பும் கொடுக்கிறேன். மஸ்கட்டில் இருக்கும் அவன் அப்பா ஹாஸ்டலில் சேர்க்கச் சொல்கிறார். போன வாரம் "நான் இல்லாம போனா உங்க எல்லாருக்கும் நிம்மதிதானே" என்றான். ஆசையாக வாங்கிய கிரிக்கெட் மட்டையை மாமா மகனுக்குக் கொடுத்துவிட்டான். கோபத்தில் சும்மா சொல்வதுதானே?

பதில்: இல்லை அம்மா. சும்மா என்று விட்டுவிடக் கூடாத விஷயம் அது ஒன்றுதான். கோபத்தில் வந்த வார்த்தையாகவே இருக்கலாம். ஆனால் ஆசைப்பட்ட பொருளையும் தூக்கிக் கொடுத்துவிட்டான் என்கிறீர்களே, அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. இன்று இரவே பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள்: "மக்ளே, செத்துப் போகலாம்னு உனக்குத் தோணுதா?" நேராகக் கேட்டால் நாமே அந்த எண்ணத்தைக் கிளப்பிவிடுவோமோ என்று பெற்றோர் தயங்குவார்கள். அப்படி ஆகாது. யாராவது கேட்க மாட்டார்களா என்றுதான் பல பிள்ளைகள் காத்திருக்கிறார்கள். அவன் சொல்வதைத் திட்டாமல், சத்தியம் வாங்காமல் கேளுங்கள். வீட்டில் ரப்பர் பால் உறைய வைக்கிற ஆசிட், பூச்சிமருந்து, பெரியவர்களின் மாத்திரைகள் எது இருந்தாலும் இன்றைக்கே பூட்டி வையுங்கள். "ஆமா" என்றால் தனியாக விடாதீர்கள். உடனே ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கூட்டிப் போங்கள். "இல்லை" என்றாலும் இந்த வாரமே அங்கே மனநலப் பிரிவில் காட்டிவிடுங்கள். ராத்திரியில் பயமாக இருந்தால் 14416-க்குப் பேசுங்கள், டெலி மானஸ் என்கிற அரசு மனநல உதவி எண் அது. 24 மணி நேரமும் உண்டு, கட்டணம் இல்லை, தமிழில் பேசலாம்.

அடுத்து மூளை. உங்கள் மகன் அந்தத் தடுப்பூசி போட்டிருக்கவே வாய்ப்பில்லை. 12 வயது நிறைந்தவர்களுக்கே நம் நாட்டில் 2022 மார்ச் 16-இல்தான் ஆரம்பித்தார்கள். அப்போது அவனுக்கு 9, 10 வயதுதான் இருந்திருக்கும். போடாத ஊசிக்காக ஒரு தாயைத் தூங்கவிடாமல் செய்கிற வீடியோக்களை நினைத்தால் எனக்கு ஆத்திரம் வருகிறது. டானிக் தேவையில்லை. சிரப்பை இன்றோடு நிறுத்துங்கள். சளி மருந்து தருவது மயக்கம், நல்ல தூக்கம் இல்லை. காலையில் எழ முடியாமல் கிடப்பதற்கும், நாள் முழுக்க எரிந்து விழுவதற்கும் அதுவும் காரணமாக இருக்கலாம். பருவும் நகம் கடிப்பதும் இந்த வயதில் வருவதுதான், விடுங்கள்.

அப்படியானால் ஏன் மாறினான்? 2020 மார்ச்சில் பள்ளி மூடியபோது அவன் இரண்டாம் வகுப்பு. சின்ன வகுப்புகளைத் திறந்தது 2021 நவம்பர் 1-இல். திரும்பி வந்து உட்கார்ந்தது நான்காம் வகுப்பில். எழுத்துக் கூட்டுகிறவன் சரளமாக வாசிக்கத் தொடங்கும் காலம் அது. விளையாட்டில் தோற்று, அழுது, காய் விட்டு, மறுநாளே பழம் விட்டு அதே பயலுடன் சேர்ந்துகொள்ளப் பழகுவதும் அப்போதுதான். அந்த 19 மாதமும் அவன் வீட்டுக்குள் இருந்தான். பாடம் விட்டுப்போனதை எல்லாரும் பேசுகிறோம், இந்தப் பழக்கம் விட்டுப்போனதை யாரும் பேசுவதில்லை.

குலசேகரம் பக்கமிருந்து ஒரு ஏழாம் வகுப்புப் பையனை அழைத்து வந்தார்கள். தமிழ் வகுப்பில் மட்டும் சண்டை போடுகிறான் என்று புகார். மேஜையில் கிடந்த டெங்கு நோட்டீஸைக் கொடுத்து வாசிக்கச் சொன்னேன். விரலை வைத்து எழுத்தெழுத்தாக நகர்த்தினான். இரண்டாவது வரியில் காது சிவந்துவிட்டது. "கண்ணு வலிக்கு டாக்டர்" என்று நோட்டீஸைக் கவிழ்த்து வைத்தான். வகுப்பில் வரிசையாக எழுந்து வாசிக்கும்போது, தன் முறை வருவதற்குள் பக்கத்துப் பையனுக்கு ஒரு குத்து விடுவான். டீச்சர் வெளியே அனுப்பிவிடுவார், வாசிக்காமல் தப்பித்துவிடுவான். வீட்டில் அதைத் திமிர் என்றே நினைத்திருந்தார்கள். சோதித்துப் பார்த்தால் கண்ணிலும் கோளாறு இருந்தது.

உங்கள் மகனையும், யாரும் இல்லாத நேரம் பார்த்து, ஒரு பக்கம் வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். எந்தப் பாடவேளையில் சண்டை வருகிறது என்று டீச்சரிடம் விசாரியுங்கள். கண், காது இரண்டையும் சோதித்துவிடுங்கள். 1 மணி வரை விழித்த பிள்ளை மறுநாள் யாரிடமும் பொறுமையாக இருக்க மாட்டான் என்பது சரிதான். ஆனால் இந்த வாரம் போனைப் பிடுங்கி மல்லுக்கு நிற்காதீர்கள். அவன் கொஞ்சம் தேறிய பிறகு, இரவில் வீட்டிலுள்ள எல்லாருடைய போனும், உங்களுடையதும் சேர்த்து, ஒரே அலமாரியில் இருக்கட்டும்.

ஹாஸ்டல் வேண்டாம். நாம் இந்த வீட்டுக்குப் பாரம் என்று நினைக்கிற பிள்ளைக்குப் பெட்டி கட்டிக் கொடுத்தால் அவன் என்ன நினைப்பான்? அதற்குப் பதில் அவன் அப்பா தினமும் வீடியோ காலில், மார்க்கையும் சண்டையையும் பற்றி ஒரு வார்த்தை கேட்காமல், பத்து நிமிடம் அவனோடு பேசட்டும். அடுத்த லீவுக்கு எந்தத் தேதியில் ஊருக்கு வருகிறார் என்பதை உங்களுக்கும் முன்னால் அவனிடம் சொல்லட்டும்.