டிஸ்சார்ஜ் நேரத்தில் ஊசிப் பேச்சு எடுபடாது

கேள்வி: மருத்துவமனை ஒன்றின் பொது மருத்துவ வார்டில் சிஸ்டர் இன்சார்ஜாக இருக்கிறேன். சர்க்கரை, இதயம், நுரையீரல் தொல்லை உள்ள முதியவர்கள்தான் எங்களிடம் அதிகம். ஃப்ளூ தடுப்பூசியும், நிமோனியா உண்டாக்கும் கிருமிக்கு எதிரான நிமோகாக்கல் தடுப்பூசியும் இவர்களுக்குத் தேவை என்று தெரிந்தும், பெரும்பாலானோர் போட்டுக்கொள்ளாமலே வீடு திரும்புகிறார்கள். சுவரெல்லாம் போஸ்டர் ஒட்டினோம். டாக்டர்களுக்கும் ஞாபகப்படுத்துகிறோம். நோயாளிகளோ, "உடம்பு தேறட்டும் சிஸ்டர், அப்புறம் பார்க்கலாம்" என்கிறார்கள். அவர்கள் மனதை எப்படி மாற்றுவது?
– ஒரு வாசகி

பதில்: அன்புள்ள சகோதரி, நோயாளியின் மனது இருக்கட்டும், முதலில் வார்டின் நடைமுறையைப் பார்ப்போம். போன வாரம் டிஸ்சார்ஜ் ஆனவர்களின் கேஸ் ஷீட்டுகளை எடுங்கள். "தடுப்பூசி வேண்டாம் என்றார்" என்று எழுதியிருப்பவை எத்தனை, ஊசியைப் பற்றி ஒரு வரிகூட இல்லாதவை எத்தனை என்று எண்ணுங்கள். இரண்டாவது ரகம்தான் அதிகம் இருக்கும் என்பது என் ஊகம். இதய டாக்டர், "குடும்ப டாக்டர் பார்த்துக்கொள்வார்" என்று விட்டுவிடுவார். குடும்ப டாக்டரோ, "ஆஸ்பத்திரியிலேயே போட்டிருப்பார்கள்" என்று நினைத்துக்கொள்வார். நடுவில் மாட்டிய டியூட்டி டாக்டருக்கு அதைவிட அவசரமான வேலைகள் ஆயிரம்.

அதனால்தான் ஞாபகப்படுத்துவது மட்டும் போதவில்லை. 2004-ல் 'ஜாமா' மருத்துவ இதழில் ஓர் ஆய்வு வந்தது. உள்நோயாளிகளில் ஊசி தேவைப்பட்டவர்களை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பக்கம், கணினி டாக்டருக்கு நினைவூட்டும். அவர் எழுதினால்தான் ஊசி. இன்னொரு பக்கம், தகுதி இருந்தால் டாக்டர் தனியாக எழுத வேண்டியதில்லை, நர்ஸே போடலாம் என்ற நிலையான உத்தரவு. ஃப்ளூ ஊசி போட்டுக்கொண்டவர்கள் முதல் பிரிவில் 30 சதவீதம், இரண்டாவதில் 42. நிமோகாக்கல் ஊசியில் 31-க்கு 51. போஸ்டருக்குச் செலவிடும் நேரத்தை, இப்படி ஓர் உத்தரவில் உங்கள் மருத்துவமனைத் தலைமையின் கையெழுத்தை வாங்கச் செலவிடுங்கள்.

உத்தரவோடு ஒரு பக்கக் கேள்வித்தாளும் வேண்டும். ஏற்கெனவே போட்டாயிற்றா, எப்போது? முந்தைய ஊசியில் மூச்சுத்திணறல் போன்ற கடுமையான ஒவ்வாமை வந்ததா? ஃப்ளூ ஊசி போட்ட ஆறு வாரத்துக்குள் கைகால் தளர்ந்துபோகும் குய்லான் பாரே வந்ததுண்டா? எதிர்ப்பு சக்தியைக் குறைக்கும் மருந்து எடுக்கிறாரா? கடைசிக் கேள்விக்கு "ஆம்" என்றால் உயிருள்ள கிருமி கொண்ட தடுப்பூசிகளைத் தவிர்க்க வேண்டும். ரிட்டுக்சிமாப் போன்ற மருந்தில் இருப்பவருக்கு ஊசி சரியாக வேலை செய்யாமலும் போகலாம். இவர்களையும், மண்ணீரலை எடுத்தவர்களையும் டாக்டரிடமே விடுங்கள். மற்றவர்களை நீங்களே பார்த்துக்கொள்ளலாம்.

அடுத்தது நேரம். டிஸ்சார்ஜ் அன்று பில், மருந்துச்சீட்டு, வண்டி என்று நோயாளியின் கூட இருப்பவர் அலைந்துகொண்டிருப்பார். அப்போது ஊசி என்றால் யாருமே "அப்புறம்" என்றுதான் சொல்வார்கள். அட்மிஷன் அன்றே கேள்விகளை முடித்துவிட்டு, உடல்நிலை நிலைப்பட்டதும் போட்டுவிடுங்கள்.

"உடம்பு தேறட்டும்" என்ற தயக்கத்துக்கு மரியாதையாகப் பதில் சொல்ல வேண்டும், ஏனெனில் அதில் பாதி நியாயம் இருக்கிறது. கடும் காய்ச்சலில் தவிக்கும்போது ஒத்திவைக்கலாம். ஆனால் லேசான சளி, சிறு காய்ச்சல் ஒரு தடையே இல்லை. 2021-ல் வெளியான ஐ.ஏ.எம்.ஐ. ஆய்வில், எட்டு நாடுகளில், பெரும்பாலும் மாரடைப்போடு வந்த 2,500-க்கும் மேற்பட்டவர்கள் கலந்துகொண்டார்கள். சிகிச்சைக்கு வந்த 72 மணி நேரத்துக்குள் ஒரு பாதிப் பேருக்கு ஃப்ளூ ஊசியும், மறுபாதிக்கு வெறும் உப்புநீர் ஊசியும் போட்டார்கள். ஓராண்டுக்குள் இறப்பு, மறு மாரடைப்பு, இதய ரத்தக்குழாயில் வைத்த ஸ்டென்ட் அடைப்பு இவற்றில் ஒன்றைச் சந்தித்தவர்கள் ஃப்ளூ ஊசி போட்டவர்களில் 5.3 சதவீதம், மற்றவர்களில் 7.2. மாரடைப்பு வந்த கையோடு போட்டே பலன் கிடைத்திருக்கிறது.

பேசும் விதத்தையும் கொஞ்சம் மாற்றுங்கள். "ஊசி போட்டுக்கிறீங்களா?" என்றால் "வேண்டாம்" என்று சொல்வது சுலபம். "ஐயா, உங்களுக்கு இன்னிக்கு ஃப்ளூ ஊசி இருக்கு. ஏதாவது கேட்கணுமா?" என்று ஆரம்பியுங்கள். ஊசியாலேயே ஃப்ளூ வந்துவிடும் என்று பயந்தால், அதில் உயிருள்ள கிருமி இல்லை, கை வலியோ ஒருநாள் உடம்புவலியோதான் வரலாம் என்று சொல்லுங்கள். பாதுகாப்பு வர இரண்டு வாரம் ஆகும் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் மூன்றாம் நாள் வரும் ஜலதோஷத்துக்கும் பழி ஊசி மேல்தான். இத்தனைக்குப் பிறகும் வேண்டாம் என்றால் வற்புறுத்த வேண்டாம், காரணத்தை எழுதி வையுங்கள்.

ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எடுப்பவர்களுக்கு ஊசி போட நர்ஸுகளே தயங்குவதுண்டு. மெல்லிய ஊசியால் போட்டு, தேய்க்காமல் இரண்டு நிமிடமாவது அழுத்திப் பிடித்தால் போதும்.

போட்ட ஊசியின் பெயர், தேதி, அடுத்த தவணை மூன்றையும் டிஸ்சார்ஜ் சம்மரியில் எழுதச் சொல்லுங்கள். மாதா மாதம் கணக்கு எடுக்கும்போது போட்ட ஊசிகளை மட்டும் எண்ணாதீர்கள். தகுதியிருந்தவர்கள் எத்தனை பேர், கேட்கப்பட்டவர்கள் எத்தனை பேர், போட்டுக்கொண்டவர்கள் எத்தனை பேர் என்று மூன்று பத்திகளாக எழுதுங்கள். முதல் பத்திக்கும் இரண்டாவதுக்கும் இடைவெளி பெரிதாக இருந்தால், நோயாளிகளை விட்டுவிட்டு ஊழியர் கூட்டத்தைக் கூட்டுங்கள்.