அமெரிக்கப் பழமைவாதப் பத்திரிகையாளர்கள் எல்லாருமே குடியரசுக் கட்சியின் ஊதுகுழல்கள்தானா?

ஊதுகுழல்கள் நிறைய உண்டு, மறுக்கவில்லை. ஆனால் கேள்வியைப் பார்த்ததும் எனக்கு ராபர்ட் நோவாக் ஞாபகம்தான் வந்தது. வரியைக் குறைத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று கடைசிவரை நம்பிய மனிதர். அந்த அரசியலோடு எனக்கு ஒட்டாது. இருந்தாலும் அவர் முதலில் நிருபர், அப்புறம்தான் பழமைவாதி.

1931-ல் இல்லினாய் மாநிலத்தின் ஜோலியெட்டில் பிறந்தவர். அசோசியேட்டட் பிரஸ், வால் ஸ்ட்ரீட் ஜர்னல் என்று சுற்றிவிட்டு, 1963-ல் ரோலண்ட் எவன்ஸோடு சேர்ந்து நாளிதழ்களுக்கு அரசியல் பத்தி (column) எழுத ஆரம்பித்தார். வேறு யாரிடமும் இல்லாத ஒரு செய்தியாவது ஒவ்வொரு பத்தியிலும் இருக்க வேண்டும் என்பது இருவரும் வைத்துக்கொண்ட விதி. அந்த அவசரத்தில் தப்பும் வரும். 'எவன்ஸ் அண்ட் நோவாக்' என்பதை 'எரர்ஸ் அண்ட் நோ ஃபேக்ட்ஸ்' (தப்புகள் உண்டு, உண்மைகள் இல்லை) என்று வாஷிங்டனில் கேலி செய்தார்கள். எப்போதும் சிடுசிடுப்பு, எதிலும் அவநம்பிக்கை என்பதால் 'இருளின் இளவரசர்' என்று ஒரு பட்டப்பெயர் வேறு. மனிதர் அதை ரசித்தார். தன்வரலாற்றுக்கே அந்தப் பெயரைத்தான் வைத்தார்.

1972 தேர்தலின்போது ஜனநாயகக் கட்சி செனட்டர் ஒருவர் அவரிடம் சொன்னார்: நம் கட்சியில் அதிபர் வேட்பாளராகப் போட்டியிடும் ஜார்ஜ் மெக்கவர்ன், வியட்நாம் போருக்குப் போக மறுத்தவர்களின் பொதுமன்னிப்புக்கும் கருக்கலைப்புக்கும் கஞ்சாவுக்கும் ஆதரவானவர் என்பது ஜனங்களுக்குத் தெரியாது, தெரிந்தால் ஆள் காலி. நோவாக் பெயர் போடாமல் எழுதினார். அது கோஷமாகவே மாறி மெக்கவர்னைத் துரத்தியது. சொன்னவர் யார் என்று கேட்டால் பதில் இல்லை. நோவாக்கே கட்டிவிட்ட கதை என்று பலர் சொன்னார்கள். சொன்னவர் தாமஸ் ஈகிள்டன்! மெக்கவர்ன் பின்னால் துணை அதிபர் வேட்பாளராகத் தேர்ந்தெடுத்து, சில நாட்களிலேயே விலக்க நேர்ந்த அதே ஈகிள்டன். பெயரைச் சொல்லிக்கொள்ளட்டுமா என்று நோவாக் கேட்டும் அவர் சம்மதிக்கவில்லை. 2007-ல் ஈகிள்டன் இறந்த பிறகுதான் விஷயம் வெளியே வந்தது.

2003 கதை வேறு மாதிரி. இராக் போரை நோவாக் வெளிப்படையாக எதிர்த்தார். அதற்காக நேஷனல் ரிவ்யூ இதழ், அவர் கூடாரத்து இதழ்தான், அவரைத் தேசப்பற்று இல்லாதவர்கள் பட்டியலில் சேர்த்தது. அதே வருஷம் ஜூலை 14 அன்று அவர் எழுதிய பத்தி, போருக்கான காரணங்களைக் கேள்வி கேட்ட முன்னாள் தூதர் ஜோசப் வில்சனின் மனைவி வேலரி பிளேம் அமெரிக்க உளவு நிறுவனமான சி.ஐ.ஏ.வில் இருக்கிறார் என்று போட்டு உடைத்தது. போரை எதிர்த்தவர், போரைக் கேள்வி கேட்ட இன்னொருவரின் குடும்பத்தின் மேலேயே கல்லெறிந்த மாதிரி. பெயரைப் போட வேண்டாம் என்று சி.ஐ.ஏ. தரப்பில் கேட்டுக்கொண்டும் போட்டார். கையில் கிடைத்த செய்தியை விட மனசு வரவில்லை என்றுதான் எனக்குப் படுகிறது. அது தப்பு.

இந்த விவகாரத்தில் தகவல் தந்தவரைக் காட்டிக்கொடுக்க மறுத்த நியூயார்க் டைம்ஸ் நிருபர் ஜூடித் மில்லர் 85 நாள் சிறையில் இருந்தார். நோவாக், அந்தப் பெயர் வெளியானதை விசாரித்த அரசு வழக்கறிஞரிடம் பேசிவிட்டார். அதற்காக சக பத்திரிகையாளர்களிடம் வாங்கிக் கட்டிக்கொண்டார். அவர் சொன்ன சமாதானம்: தகவல் தந்தவர்கள் யார் யார் என்பது வழக்கறிஞருக்கு முன்பே தெரியும். ஆனால் தனக்கு முதலில் தகவல் தந்த ஆளின் பெயரை வாசகர்களுக்கு அவர் சொல்லவில்லை. வெளியுறவுத் துறையின் ரிச்சர்ட் ஆர்மிட்டேஜ், நான்தான் சொன்னேன் என்று 2006 செப்டம்பரில் தானாகவே ஒப்புக்கொண்டார். நோவாக் தன் பத்தியில் அந்தப் பெயரை எழுதியது அதற்குப் பிறகுதான்.